தரை மைலா, காற்று மைலா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். “இரண்டு நகரங்களுக்கு இடையே விமானத் தூரம் என்று போடுகிறார்களே, அதை யார் அளந்தார்கள்?” என்பது கேள்வி. யாரும் அளக்கவில்லை, கணக்கிட்டார்கள் என்று நான்கு வரியில் முடித்திருந்தேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. விமானம் கிளம்புவதற்கு முன் அதன் வழியையும் எரிபொருளையும் கணக்கிட்டுக் கொடுக்கும் மேசையில் முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். பெரும்பாலும் இரவு முறை. நான் பறந்தது கொஞ்சம், பறக்கவைத்தது அதிகம். அதனால்தான் ஆசிரியர் கடிதக்கட்டை அவிழ்க்காமலே என் பக்கம் தள்ளிவிட்டார்.

லண்டன் – நியூயார்க் விமானத் தூரம் ஓரிடத்தில் 5,540 என்றும், இன்னோரிடத்தில் 5,555 என்றும், மூன்றாவது இடத்தில் 2,991 என்றும் இருக்கிறது. எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர்

மூன்றையும் நம்பலாம் ஐயா. யார் எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று எழுதாமல் விட்டதுதான் குற்றம்.

முதலில் அந்த 2,991. அது கடல் மைல், மற்ற இரண்டும் கிலோமீட்டர். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர் என்று 1929இல் சர்வதேச அளவில் முடிவு செய்தார்கள். அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. வடக்கு தெற்காகப் பூமியில் ஒரு பாகை நகர்ந்தால் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அதை அறுபதாகப் பங்கிட்டால் ஒரு கடல் மைல். வரைபடத்தின் ஓரத்தில் அட்சரேகைக் கோடுகள் எப்படியும் அச்சாகியிருக்கும். கவராயத்தை அதில் வைத்தாலே தூரம் கிடைத்துவிடும், தனியாக அளவுகோல் வேண்டாம். கப்பல்காரர்கள் கண்டுபிடித்த இந்த வசதியை விமானக்காரர்கள் இன்றைக்கும் விடவில்லை. சாதாரண மைலில் (1.609 கிலோமீட்டர்) சொன்னால் இதே தூரம் 3,440 சொச்சம். ஆக உங்களுக்கு நான்காவதாக ஓர் எண்ணும் வந்து சேரலாம், பயப்படாதீர்கள்.

5,540க்கும் 5,555க்கும் உள்ள வேறுபாடு பூமியின் இடுப்பில் இருக்கிறது. பூமியைச் சரியான உருண்டையாக, 6,371 கிலோமீட்டர் ஆரம் கொண்டதாக வைத்துக் கணக்கிட்டால் முதல் எண். உண்மையில் பூமி துருவங்களில் சற்று அமுங்கியது: நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்த 21 கிலோமீட்டர் அமுக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் இரண்டாவது எண். உருண்டைக் கணக்கில் பிழை பெரும்பாலும் அரை சதவிகிதத்தைத் தாண்டாது. வகுப்பில் சொல்லிக்கொடுக்க அது போதும். எரிபொருள் போடுகிற எங்களுக்குப் போதாது.

நகரத்தின் எந்த இடத்திலிருந்து அளப்பது என்பது நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓடுபாதைகளின் நடுவை ஒட்டி ஒரு குறிப்புப் புள்ளி உண்டு, அளவு அங்கிருந்துதான். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ‘டோக்கியோவுக்கு இத்தனை’ என்று ஒருவர் கடைசி இலக்கம்வரை சொன்னால், எந்த டோக்கியோ என்று கேளுங்கள்.

நியூயார்க்கிலிருந்து மாட்ரிட் போனேன். இரண்டு ஊரும் வரைபடத்தில் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இருக்கைத் திரையில் விமானம் வடக்கே வளைந்து மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. நேராகப் போகாமல் ஏன் இந்தச் சுற்று?
– ஒரு வாசகி

நீங்கள் மனத்தோடு வைத்துக்கொண்டீர்கள். நான் பயணியாகப் போன ஒரு விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பணிப்பெண்ணையே கூப்பிட்டுவிட்டார், விமானி வழி தவறிவிட்டார் என்று. முன்வரிசைக் குழந்தையிடம் ஒரு ரப்பர் பந்து இருந்தது. அதைக் கடன் வாங்கி, என் காதொலிக் கம்பியை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்துப் பிடித்துக் காட்டினேன். கம்பி தானாகவே மேலே ஏறி நின்றது. அவர் நம்பினாரோ என்னவோ, குழந்தை நம்பிவிட்டது. பந்தைத் திரும்ப வாங்கி அதையே செய்துகொண்டிருந்தது.

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இறுக்கினால் அது எந்தக் கோட்டில் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. அதைப் பெருவட்டம் என்பார்கள். பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு அது. நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறத்தாழ 40½ பாகை வடக்கில் இருக்கின்றன. அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் 5,930 கிலோமீட்டர். நூல் வழியே போனால் 5,760. நூல் நடுவழியில் 46 பாகை வரை வடக்கே ஏறி இறங்குகிறது. உங்களுக்குச் சுற்றாகத் தெரிந்ததுதான் 170 கிலோமீட்டர் மிச்சம்.

குற்றவாளி வரைபடம். 1569இல் மெர்காட்டர் வரைந்த முறை, திசைகாட்டியை ஒரே பக்கம் வைத்துக்கொண்டு போகும் மாலுமிக்கு அந்தப் பாதை நேர்கோடாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. அந்த வசதிக்கு விலையாகத் துருவப் பக்கம் எல்லாவற்றையும் இழுத்து ஊதவேண்டியிருந்தது. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. மெர்காட்டரைத் திட்ட எனக்கு மனமில்லை. அவர் கப்பலுக்கு வரைந்ததை நாம் சுவரில் மாட்டிக்கொண்டோம்.

இன்னும் முரட்டுத்தனமான எடுத்துக்காட்டு வேண்டுமானால் சிட்னியையும் சாண்டியாகோவையும் எடுங்கள். இரண்டும் 33, 34 பாகை தெற்கில். பசிபிக் கடலை அப்படியே குறுக்கே தாண்டினால் 12,770 கிலோமீட்டர். நூலை இழுத்தால் 11,340. ஆனால் நூல் 62 பாகை தெற்கு வரை, கிட்டத்தட்ட அண்டார்க்டிகாவின் வாசல் வரை போய்விட்டுத் திரும்புகிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் பனிக்கட்டியைப் பார்க்கலாம்.

உருண்டையில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் காணும் அரைவெர்சைன் சூத்திரத்தை வைத்து நியூயார்க் – கெய்ரோ தூரத்தைக் கணினியில் கணக்கிட்டேன். 3,976 கிலோமீட்டர் வருகிறது. உண்மையில் 9,000க்கு மேல் என்கிறார்கள். சூத்திரத்தைப் பத்து முறை சரிபார்த்துவிட்டேன், பிழை இல்லை.
– பொறியியல் மாணவி

சூத்திரத்தில் பிழை இல்லை அம்மா, ஊரில்தான் பிழை. நியூயார்க்கைத் துருக்கிக்கும் அப்பால், காஸ்பியன் கடலையும் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

நியூயார்க்கின் தீர்க்கரேகை 73.78 மேற்கு. கெய்ரோ 31.41 கிழக்கு. மேற்குக்குக் கழித்தல் குறி போடவேண்டும். போட்டால் இரண்டுக்கும் இடைவெளி 105 பாகை. மறந்தால் 42 பாகைதான். மறந்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன், உங்கள் 3,976 அச்சுப்பிசகாமல் வந்தது. குறியைச் சேர்த்துப் போடுங்கள், 9,020ஐ ஒட்டி வரும்.

வெட்கப்படவேண்டாம். இந்தக் கழித்தல் குறி எங்கள் தொழிலில் தலை நரைத்தவர்களையும் கவிழ்த்திருக்கிறது. அதற்கு அடுத்த பள்ளத்தையும் இப்போதே காட்டிவிடுகிறேன். நியூயார்க் விமான நிலையம் 40 பாகை 38 கலையில் இருக்கிறது. அதை 40.38 என்று அடிப்பவர்கள் ஏராளம். 38 கலை என்பது அறுபதில் முப்பத்தெட்டு, அதாவது 40.63. இந்தப் பிழை சின்னது, 28 கிலோமீட்டர்தான் தவறும். ஆனால் 3,976 போன்ற அபத்தமான விடை உடனே பல்லிளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். 28 கிலோமீட்டர் பிழை யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். எனக்குப் பெரிய பிழைகளைக் கண்டு பயமே கிடையாது.

விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அவ்வளவு உயரத்தில் வட்டம் பெரிதாகிவிடுமே, தூரமும் கூடுமல்லவா?
– ஒரு வாசகர்

கூடும். 6,000 கிலோமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர். மறந்துவிடுங்கள்.

போகும்போது ஏழே முக்கால் மணி நேரம், திரும்பும்போது ஆறே முக்கால். தூரம் ஒன்றுதானே? மேற்கே போகும் விமானத்தை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறார்களா?
– அட்லாண்டிக் கடலை அடிக்கடி தாண்டும் ஒருவர்

தூரம் ஒன்றுதானா என்பதில்தான் நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம். மேற்கு நோக்கிப் போகும் ஒரு நீண்ட தூர விமானத்துக்கு எரிபொருள் கணக்கு என் கையில் வந்தது. வரைபடத்தில் தூரத்தை அழகாக அளந்தேன், இரண்டு முறை கூட்டினேன், அடியில் இரட்டைக் கோடு போட்டேன். மேற்பார்வையாளர் அதிகம் பேசாத மனிதர். தாளைப் பார்த்தார். “இந்த மைல் தரையிலா, காற்றிலா?” என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் பென்சிலை எடுத்து என் இரட்டைக் கோட்டை அடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று எதிர்க்காற்று பலமாக இருந்தது. நான் போட்டிருந்த எரிபொருள் முக்கால் மணி நேரப் பறப்புக்குக் குறைவு என்று விடியற்காலையில்தான் கணக்கிட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குள் அவர் சரியான கணக்கைப் போட்டு விமானத்தை அனுப்பியிருந்தார்.

சுலபமான எண்களில் சொல்கிறேன். இரண்டு ஊருக்கு இடையே தரையில் 6,000 கிலோமீட்டர். விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது. அந்தக் காற்றே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. கிழக்கே போகிறவருக்குத் தரையின் மேல் வேகம் 1,000. ஆறு மணி நேரத்தில் சேர்ந்துவிடுவார். அந்த ஆறு மணி நேரத்தில் விமானம் காற்றுக்குள் கடந்தது 5,400 கிலோமீட்டர்தான். மேற்கே வருகிறவருக்குத் தரையின் மேல் வேகம் 800. ஏழரை மணி நேரம். காற்றுக்குள் கடந்தது 6,750 கிலோமீட்டர். விமானி இரண்டு முறையும் ஒரே வேகத்தில்தான் ஓட்டினார். ஆனால் காற்றில் அளந்தால் திரும்பும் வழி 1,350 கிலோமீட்டர் அதிக நீளம். இயந்திரத்துக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது காற்றைத் தள்ளுகிறது, காற்று மைலுக்குத்தான் எண்ணெய் குடிக்கிறது.

போகும்போது இழப்பது வரும்போது கிடைத்துவிடுமே, சரிக்குச் சரி என்று நினைப்பவர்களுக்கு: கிடைக்காது. மேலே சொன்ன கணக்கில் போகவர 13½ மணி. காற்றே இல்லாவிட்டால் 13 மணி 20 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம். காற்று கடன் கொடுத்ததைவிட அதிகமாகத்தான் வசூலிக்கும்.

அட்லாண்டிக் மேலே ஓடும் ஜெட் காற்றோட்டம் நான் சொன்ன 100 கிலோமீட்டர் வேகத்தோடு நிற்பதில்லை, சில நாள்களில் 300ஐயும் தாண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையின் மேல் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தொட்டது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்று அப்போது பலர் கேட்டார்கள். இல்லை, காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. உண்மையிலேயே ஒலியைத் தாண்டிய கான்கார்ட் விமானம் 1996இல் அதே வழியை 2 மணி 53 நிமிடத்துக்குள் முடித்தது. அது வேறு குதிரை.

இந்தக் காற்றை வைத்துத்தான் வட அட்லாண்டிக்கில் தினமும் இரண்டு முறை பாதைகளை வகுக்கிறார்கள். கிழக்கே போகும் விமானங்களுக்குக் காற்றோட்டத்தின் மேல் சவாரி, மேற்கே வருபவற்றுக்கு அதை விட்டு விலகிய வழி. ஷான்விக், காண்டர் என்ற இரண்டு கட்டுப்பாட்டு மையங்களின் வேலை அது. நூல் காட்டும் வழியைவிட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிப் போய் நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்திய இரவுகள் என் கணக்குப் புத்தகத்தில் நிறைய உண்டு. சுற்றுவழி சீக்கிரம் சேர்க்கும் என்பதை முதலில் என் வீட்டாரையே நம்பவைக்க முடிந்ததில்லை.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஒரு ஹெலிகாப்டர் மேலே ஏறி அசையாமல் நின்றால், கீழே பூமி சுழன்று நாம் போகவேண்டிய ஊர் தானாகவே கீழே வந்துவிடுமே? ஏன் யாரும் செய்யவில்லை?
– ஏழாம் வகுப்பு மாணவன்

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்காதவன் விமானத்தைப் பற்றி யோசித்ததே இல்லை என்று அர்த்தம். உன் வயதில் நானும் கேட்டு, “போய்ப் படி” என்ற பதிலைப் பெற்றேன்.

ஓடுகிற ரயிலுக்குள் குதித்துப் பார். அதே இடத்தில்தான் விழுவாய், பின்பெட்டியில் போய் விழமாட்டாய். நீ, பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் காற்று எல்லாம் ஒரே வேகத்தில் போகிறீர்கள். பூமியும் அப்படித்தான், தன் காற்றையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. நடுக்கோட்டில் தரையின் வேகம் மணிக்கு 1,670 கிலோமீட்டர். காற்று மட்டும் பின்தங்கி நின்றிருந்தால் அங்கே இரவும் பகலும் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கிலிருந்து புயல் அடித்துக்கொண்டிருக்கும். ஹெலிகாப்டர் ஏறுவதற்கு முன் அதை நிறுத்திவைக்கவே இடம் இருக்காது.

ஆனால் நீ முழுக்கத் தவறும் இல்லை. சுழற்சிக்குப் பங்கு உண்டு, மறைமுகமாக. நடுக்கோட்டுப் பக்கத்துச் சூடான காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, அது புறப்பட்ட இடத்தின் அதிக வேகத்தைக் கையோடு கொண்டுபோகிறது; மெதுவாகச் சுழலும் பகுதிக்கு வந்ததும் தரையை முந்திக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. முந்தின பதிலில் சொன்ன ஜெட் காற்றோட்டத்துக்கு இது ஒரு காரணம். ஆக, பூமியின் சுழற்சி உதவுவது மேற்கே போகிறவர்களுக்கு என்று நீ நினைத்தாய். உண்மையில் அது கிழக்கே போகிறவர்களுக்கு உதவுகிறது.

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போக முன்பு ஒன்பதரை மணி நேரம் ஆகும். இப்போது பதின்மூன்று. சுற்றிக்கொண்டு போகிறார்கள், சரி. ஆனால் அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் சலுகையாகத் தரும் மைல் கணக்கில் எனக்குப் பழைய மைல்தான் ஏறுகிறது. இது நியாயமா?
– ஒரு வணிகர்

உங்கள் முதுகுவலிக்கு என் அனுதாபங்கள். நியாயம் வேறு, விதி வேறு.

2022இல் ரஷ்ய வான்வெளி பெரும்பாலான ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கியும் டோக்கியோவும் சுமார் 7,800 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன, நடுவே கிடப்பது முழுக்க ரஷ்யா. அதனால் ஒன்று வட துருவத்தின் பக்கமாக ஏறவேண்டும், இல்லையென்றால் தெற்கே இறங்கி மத்திய ஆசியா வழியாகப் போகவேண்டும். இது புதிதும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மூடிக்கிடந்தபோது ஐரோப்பியர்கள் டோக்கியோவுக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் போனார்கள். கோபன்ஹேகனிலிருந்து துருவம் வழியாக அந்தச் சேவை 1957இல் தொடங்கியது. தாத்தா போன வழியில் பேரன் போகிறான்.

மைல் கணக்குக்கு வருகிறேன். பறந்த தூரத்தை எண்ணிப் புள்ளி கொடுத்தால், ஒரே இருக்கையில் ஒரே வழியில் போன இரண்டு பேருக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு கணக்கு வரும். நேற்று மழைமேகத்தைச் சுற்றிப் போனவருக்கு அதிகம், இன்று நேராகப் போனவருக்குக் குறைவு. அதனால் தூரத்தை வைத்துப் புள்ளி தருகிறவர்கள் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே நூலை இழுத்து ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். சட்டமும் அப்படித்தான். விமானம் ரத்தானால் பயணிக்கு இழப்பீடு தரச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற வரம்புகள் வருகின்றன. அவற்றைப் பெருவட்ட முறையில் அளக்கவேண்டும் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. இப்போது பல நிறுவனங்கள் தூரத்தையே விட்டுவிட்டு, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை வைத்துப் புள்ளி தருகின்றன. அதைப் பற்றி என்னைப் பேசவைக்காதீர்கள்.

வான்வெளி திறந்திருக்கும் சாதாரண நாளிலும் எந்த விமானமும் நூலின் மேல் அப்படியே பறப்பதில்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து ஏறவேண்டும், அது போகவேண்டிய திசைக்கு நேர்மாறாக இருந்தாலும். ஐந்தெழுத்துப் பெயர் வைத்த வான்புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போகவேண்டும். இறங்குமிடத்தில் நெரிசல் என்றால் வட்டமடிக்கவேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஒரு பயணத்தின் கரியமில வாயுவைக் கணக்கிடுவதற்கு ஒரு நேர்த்தியான வழி வைத்திருக்கிறது. நூல் தூரம் 550 கிலோமீட்டருக்குக் குறைவானால் அதோடு 50 கிலோமீட்டர் சேர். 5,500 வரை 100 சேர். அதற்கு மேல் 125 சேர். பாருங்கள், சுற்றுவழியின் பெரும்பகுதி ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும்தான். அதனால்தான் 300 கிலோமீட்டர் பயணத்துக்கு இந்த 50 சுளீரென்று உறைக்கிறது, 10,000 கிலோமீட்டர் பயணத்துக்கு 125 தெரிவதே இல்லை.

தூரம் தெரிந்தால் பறக்கும் நேரத்தை மனக்கணக்காகச் சொல்ல முடியுமா?
– பல வாசகர்கள்

கிலோமீட்டரை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் சேருங்கள். காற்று கெடுக்காத நாளில் நெருங்கி வரும். இறங்கும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்துப் பறக்கும் நேரம் சொல்லாதீர்கள், இரண்டும் இரண்டு ஊர்க் கடிகாரங்கள்.

உலகத்தில் இரண்டு நகரங்கள் அதிகபட்சம் எவ்வளவு தூரத்தில் இருக்க முடியும்? ஒரே மூச்சில் பறக்கும் மிக நீண்ட பயணம் எது?
– நூலகர் ஒருவர்

20,000 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் மறுபக்கம் வழியாகக் கிட்டே வந்துவிடுவீர்கள். இந்த எண் இவ்வளவு முழுசாக இருப்பது தற்செயல் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மீட்டரை வகுத்தபோது, துருவத்திலிருந்து நடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்றுதான் வகுத்தார்கள். ஆகவே கால்வட்டம் 10,000 கிலோமீட்டர், அரைவட்டம் 20,000. மாட்ரிட்டும் நியூசிலாந்தின் வெலிங்டனும் கிட்டத்தட்ட நேரெதிர். இடையே 19,850ஐ ஒட்டிய தூரம். அங்கே போக எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் என்பது வேடிக்கை.

இடைநிற்காத சேவைகளில் மிக நீண்டது சிங்கப்பூர் – நியூயார்க். இதைக் கணினி இல்லாமல் விரலிலேயே கணக்கிடலாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கும் இடைவெளி 178 பாகை. அதாவது பூமியின் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்கள். எனவே குறுகிய வழி ஏறத்தாழ வட துருவத்தின் உச்சந்தலை வழியாகப் போகும். சிங்கப்பூர் 1.35 பாகை வடக்கில், அங்கிருந்து துருவத்துக்கு 88.65 பாகை. நியூயார்க் 40.65, துருவத்திலிருந்து இறங்க 49.35. கூட்டினால் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்குங்கள்: 15,345. அச்சிட்ட அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்து கிலோமீட்டருக்குக் கூடத் தகராறு வராது.

ஆனால் சிங்கப்பூரில் கிளம்பும் விமானம் பெரும்பாலும் துருவத்தின் பக்கம் தலைவைப்பதில்லை. பசிபிக்கின் மேல் கிழக்கே போகிறது. தரையில் அது நீளமான வழி. ஜெட் காற்றோட்டம் முதுகைத் தள்ளுவதால் காற்றில் அது குறுகிய வழி. பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணத்தில் என் பழைய மேற்பார்வையாளரின் கேள்வியை மறந்தால் நடுக்கடலில்தான் நினைவு வரும்.

இரண்டே இயந்திரம் உள்ள விமானத்தில் கடலுக்கு மேல் நேராகப் போக அனுமதி உண்டா?
– ஒரு வாசகர்

உண்டு, கயிறு கட்டித்தான். ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் மற்றதை வைத்து இத்தனை நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டிவிடவேண்டும் என்று வரம்பு வைப்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் கயிறு 60 நிமிடம். 1985இல் 120 ஆயிற்று, 1988இல் 180. இப்போது சில விமான வகைகளுக்கு 370 நிமிடம் வரை கொடுத்திருக்கிறார்கள். கயிறு குட்டையாக இருந்த காலத்தில் வரைபடத்தில் தீவுகளைச் சுற்றி வட்டங்கள் போட்டு, வட்டத்துக்கு வட்டம் தாவித் தாவி வழி அமைப்போம். கயிறு நீள நீள வழி நூலை நெருங்கிவந்தது. சிட்னி – சாண்டியாகோ போன்ற தென்கோடி வழிகளில், எட்டிப்பிடிக்க விமான நிலையமே அருமை என்பதால், இன்றைக்கும் இந்த நிமிடக் கணக்கைப் பார்த்துத்தான் எவ்வளவு தெற்கே இறங்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

நூல், நூல் என்கிறீர்கள். நிஜமாகவே நூல் வைத்து அளக்க முடியுமா? மிகக் குறுகிய விமானப் பயணத்தையும் அப்படி அளந்து சொல்லுங்களேன்.
– முதல் கேள்வி கேட்ட கணக்காசிரியரே, மறு கடிதத்தில்

முடியும் ஐயா. என் மேசையில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டை ஒன்று இருக்கிறது. ஒரு முறை கீழே விழுந்து பசிபிக்கில் ஒரு நசுங்கல். நல்லவேளை, அங்கே ஊர் இல்லை. அதன் சுற்றளவு 94 சென்டிமீட்டர், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். ஆக ஒரு சென்டிமீட்டர் நூலுக்கு 425 கிலோமீட்டர். சிங்கப்பூர் – நியூயார்க்குக்கு 36 சென்டிமீட்டர் நூல் வேண்டும். லண்டன் – நியூயார்க்குக்குப் பதின்மூன்று. தையல் நூல் நல்லது, கம்பளி நூல் இழுத்தால் நீண்டு ஏமாற்றும்.

மிகக் குறுகிய பயணம் ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிடுவார்கள். பின்காற்று அமைந்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது. என் உருண்டையில் அதற்கு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்கு நூல் தேவைப்படும். அளக்கத்தான் பார்த்தேன். நூலின் கனமே அதைவிட அதிகம், இரண்டு தீவுகளையும் மூடிக்கொண்டுவிட்டது.